சர் சங்கரன் நாயர்: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் 17 நெருங்கினால் நம் பக்கத்துப் பள்ளிகளிலும் வாசகர் வட்டங்களிலும் வாஞ்சிநாதன், ஆஷ், மணியாச்சி என்று பேச்சு வரும். அந்த ஆஷ் கொலை வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் சங்கரன் நாயர் என்று சொன்னதும் கேள்விகள் கிளம்பிவிடும். 2025-ல் அவரைப் பற்றி ஓர் இந்திப் படம் வந்த பிறகு கேள்விகள் இன்னும் கூடின. மாணவர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

சங்கரன் நாயர், சங்கரன் நாயர்ங்கிறீங்களே, யாரு சார் அவரு?

மலபாரில், பாலக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள மங்கரை என்ற ஊரில் 1857 ஜூலை 11 அன்று பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கி, சட்டமும் படித்து, 1880-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்தார். அப்புறம் பத்திரிகை ஆசிரியர், சென்னைச் சட்டசபை உறுப்பினர், 1897-ல் காங்கிரஸ் தலைவர், அட்வகேட் ஜெனரல், 1915 வரை உயர் நீதிமன்ற நீதிபதி, அதன்பின் 1919 வரை வைஸ்ராயின் நிர்வாக சபை உறுப்பினர். 1912-ல் சர் பட்டம் கிடைத்தது. 1934 ஏப்ரல் 24 அன்று சென்னையில் காலமானார்.

பதவிகளை அடுக்குவதால் மட்டும் இந்த மனிதர் பிடிபட மாட்டார். கூட இருப்பவர்கள் எல்லோரும் ஒரு முடிவில் கையெழுத்துப் போடும்போது, தனக்குச் சரியென்று பட்டதைத் தனியாக எழுதி, அதன் கீழே தன் பெயரைப் போடுகிறவர் அவர். நீதிமன்றத்திலும் அப்படித்தான், அரசாங்கத்திலும் அப்படித்தான், அரசியலிலும் அப்படித்தான். கீழே உள்ள பல கேள்விகளுக்குப் பதில் இந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

பேருக்கு முன்னால சேத்தூர்னு போட்டிருக்கே. நம்ம ராஜபாளையம் பக்கத்துச் சேத்தூரா?

இல்லை. சேற்றூர் என்பது அவருடைய அம்மா வழிக் குடும்பத்தின் பெயர். மருமக்கள் வழி வந்த குடும்பம் என்பதால் தாயின் தறவாட்டுப் பெயர் பிள்ளைக்கு வந்தது. அப்பா ராமுண்ணிப் பணிக்கர், தாசில்தாராக வேலை பார்த்தவர். நாகர்கோவில் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது, நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் மருமக்கள் வழி இருந்தது. சேத்தூர் ஜமீனுக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஜஸ்டிஸ் கட்சியைத் தொடங்கின நாயர்தானே இவரு?

அவர் வேறு. ஜஸ்டிஸ் கட்சி நாயர், டாக்டர் டி.எம். நாயர். மருத்துவர். 1916-ல் பிட்டி தியாகராயரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர், 'ஜஸ்டிஸ்' பத்திரிகையை நடத்தியவர், 1919-ல் லண்டனில் இறந்தவர். இரண்டு பேரும் மலபார்க்காரர்கள், இரண்டு பேரும் பத்திரிகை நடத்தியவர்கள், போதாததற்குச் சங்கரன் நாயரை 'ஜஸ்டிஸ் நாயர்' என்றும் எழுதுவார்கள். குழப்பம் அங்கேதான் வருகிறது. மேடையில் பேசும் பிள்ளைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, திருநெல்வேலிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? இங்கே வந்திருக்காரா?

சம்பந்தம் ஆஷ் கொலை வழக்கு. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். ஓடிப்போய்க் கழிவறைக்குள் தன்னையும் சுட்டுக்கொண்டார். செத்தவர் மேல் வழக்கு நடத்த முடியாது. அதனால் பின்னால் ஒரு சதி இருந்தது என்று சொல்லிப் பதினான்கு பேர் மேல் வழக்குப் போட்டார்கள். முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நீலகண்ட பிரம்மச்சாரி, இரண்டாவது எதிரி வாஞ்சியோடு மணியாச்சிக்கு வந்திருந்த சங்கரகிருஷ்ணன். தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி என்று நம் ஊர்க்காரர்கள்தான் பட்டியலில் அதிகம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள்: தலைமை நீதிபதி சர் ஆர்னால்ட் வைட், நீதிபதி அய்லிங், நீதிபதி சங்கரன் நாயர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்குத் தண்டனை, யாருக்கும் தூக்கு இல்லை. நீலகண்டருக்கு ஏழு ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டு, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. மற்ற இரண்டு நீதிபதிகளோடு ஒத்துப்போகாமல் சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். நம் மாவட்டத்து வரலாற்றில் அவர் பெயர் இடம்பெற அந்தத் தீர்ப்பு ஒன்றே போதும்.

வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் கொடுத்த ஜட்ஜும் இவர்தான்னு ஒருத்தர் சொன்னாரே?

தப்பு. அது 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நடந்தது. தண்டித்தவர் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து ஆண்டு. மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தில் கேட்டவர்கள் ஆர்னால்ட் வைட்டும் மில்லரும். அவர்கள் தண்டனையைக் குறைத்தார்கள். 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். அந்த வழக்கின் இரண்டு தீர்ப்பிலும் சங்கரன் நாயருக்குப் பங்கில்லை.

ஆனால் இரண்டு வழக்கையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சுதேசிக் கப்பல் கம்பெனி நொறுக்கப்பட்டது, 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலியில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்து நான்கு பேர் செத்தது, அந்த நாளில் ஆஷ் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தது, இவை எல்லாம் சேர்ந்துதான் மணியாச்சி.

கொலை நடந்தது இங்கே. கேஸை மட்டும் ஏன் மெட்ராஸ்ல வச்சாங்க?

அரசுக்கு எதிரான சதி வழக்குகளை உயர் நீதிமன்றத்து மூன்று நீதிபதிகள் கொண்ட தனி அமர்வு, ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம் என்று 1908-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. உள்ளூரில் நடத்தினால் கூட்டம் கூடும், சாட்சிகள் பயப்படுவார்கள் என்ற எண்ணமும் அரசாங்கத்துக்கு இருந்திருக்கும். ஜூரி இல்லாததில் நமக்கு ஒரு நன்மை உண்டு. ஜூரி காரணம் எழுதாது, நீதிபதிகள் எழுதியாக வேண்டும். அதனால்தான் நாயர் என்ன நினைத்தார் என்று இன்றைக்கும் எடுத்துப் படிக்க முடிகிறது.

நாயர் வாஞ்சிக்கு ஆதரவா தீர்ப்பு எழுதினார்னு வாட்ஸப்ல வருது. உண்மையா?

அப்படிச் சொல்வது வாஞ்சிக்கும் நியாயமில்லை, நாயருக்கும் நியாயமில்லை. மேலே சொன்னபடி வாஞ்சி அந்த வழக்கில் எதிரியே அல்ல. கொலையை யார் செய்தது என்பதிலும் சந்தேகம் கிடையாது. நீதிபதிகள் முன் இருந்த கேள்வி, உயிரோடு இருந்த பதினான்கு பேரும் சேர்ந்து சதி செய்தார்களா, அதற்குச் சான்று போதுமா என்பது.

அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது அப்ரூவர்களை. ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இருவர் கூட்டாளிகளாக இருந்து அரசுச் சாட்சிகளாக மாறியவர்கள். கூட்டாளியின் சாட்சியத்தைத் தனியாக நம்பக் கூடாது, வேறு சான்றும் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பது இந்தியச் சாட்சியச் சட்டம் வந்த 1872 முதல் நீதிமன்றங்கள் கைக்கொண்டு வந்த எச்சரிக்கை. ஒருவருடைய கோபம் எங்கே முடிகிறது, சதி எங்கே தொடங்குகிறது என்பதும் அந்த வழக்கில் எளிதான கேள்வி அல்ல. இந்த இடத்தில் மாறுபட்டு எழுதுவது கொலையை ஆதரிப்பது ஆகாது. நாயர் தன் வாழ்நாள் முழுவதும் சட்டத்துக்கு உட்பட்ட அரசியலையே நம்பியவர், துப்பாக்கி அரசியலை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை.

பாரதியார் பாட்டு அந்தத் தீர்ப்புல இருக்குங்கிறது நெசமா?

ஆமாம். 'என்று தணியும் இந்தச் சுதந்திர தாகம்' பாட்டைச் சங்கரன் நாயர் தன் தீர்ப்பில் ஆங்கிலத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த கவி அப்போது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் ஒதுங்கியிருந்தார். வழக்கில் அவர் எதிரி இல்லை. ஆனாலும் அவர் எழுத்தை அரசாங்கம் வெடிமருந்து போலப் பார்த்தது. அதே 1911-ல் அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டையும் தடை செய்தது. அப்படிப்பட்ட நேரத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அவர் பாட்டை வரிவரியாக வாசிக்கிறது.

பாட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது கண்ணனைப் பார்த்துப் பாடும் வேண்டுதல். பஞ்சமும் நோயும் உன் அடியார்க்குத்தானா என்று கேட்கிறது. யாரையும் கொல்லச் சொல்லவில்லை. ஒரு ஜில்லாவே எதனால் இப்படிக் கொதித்தது என்று தெரிந்துகொள்ள போலீஸ் டைரி மட்டும் போதாது, ஜனங்கள் எதைப் படித்தார்கள், எதைப் பாடினார்கள் என்றும் பார்க்க வேண்டும். பத்திரிகை நடத்தியவர் நீதிபதியாக இருந்ததால் இது அவருக்குத் தோன்றியது என்பது என் எண்ணம். முதல் எதிரி நீலகண்டரும் புதுச்சேரியில் 'சூரியோதயம்' பத்திரிகையை நடத்தியவர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ரெண்டு பேர் ஒரு பக்கம், இவர் ஒருத்தர் ஒரு பக்கம். தனியா எழுதி என்ன பிரயோஜனம்?

உடனடியாக ஒன்றும் இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்புதான் நடக்கும், தண்டனை பெற்றவர்கள் சிறைக்குப் போனார்கள்.

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. மறுபரிசீலனைக்கு ஐந்து நீதிபதிகள் முன் போனது. பென்சன், வாலிஸ், மில்லர் மூவரும் தண்டனையை உறுதி செய்தார்கள். அப்துர் ரஹீமும் பி.ஆர். சுந்தரய்யரும் மாறுபட்டார்கள். இரண்டு சுற்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எட்டு நீதிபதிகள். ஐந்து ஆங்கிலேயர்கள் ஒரு பக்கம், மூன்று இந்தியர்கள் மறு பக்கம். ஒரே சான்று, ஒரே சட்டப் புத்தகம். திருநெல்வேலியில் நடந்ததை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேண்டியதில்லை. அந்த வரிசையில் முதலில் எழுதியவர் நாயர்.

பத்திரிகைக்காரர்ங்கிறீங்க. எந்தப் பேப்பர்ல வேலை பார்த்தார்?

இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி நிருபர் வேலை இல்லை. அந்தக் காலத்து வக்கீல்கள் பகலில் கோர்ட்டுக்குப் போவார்கள், மாலையில் பத்திரிகைக்கு எழுதுவார்கள், டிசம்பர் வந்தால் காங்கிரஸ் மாநாட்டுக்குக் கிளம்புவார்கள். நாயர் 'மெட்ராஸ் ரிவ்யூ' என்ற இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார். அரசியல், சமூகச் சீர்திருத்தம், இலக்கியம் என்று எல்லாம் வரும் இதழ் அது. 1891-ல் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற சட்ட இதழை உருவாக்கியவர்களிலும் ஒருவர். மேலே சொன்ன சுந்தரய்யருக்கும் அந்த இதழில் பெரிய பங்கு உண்டு.

சட்ட இதழ் என்றால் சாதாரண விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். எந்த நீதிபதி எந்த வழக்கில் என்ன சொன்னார் என்பது அச்சில் வந்தால்தான் ஊர் வக்கீல் அதைக் காட்டி வாதாட முடியும். தீர்ப்பைத் தைரியமாக விமர்சிக்கவும் ஓர் இடம் கிடைத்தது. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பழைய வக்கீல் குடும்பங்களின் அலமாரிகளில் தடித்த அட்டை போட்ட அந்தத் தொகுதிகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

வக்கீலா இருந்தப்போ சக வக்கீலுங்களே அவரை ஒதுக்கி வச்சாங்களாமே, ஏன்?

இந்திய வக்கீல்கள் யாரும் ஆங்கிலேய பாரிஸ்டருக்குக் கீழே ஜூனியராக வேலை செய்யக் கூடாது என்று சென்னை வக்கீல்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். நாயர் ஒத்துக்கொள்ளவில்லை. யாரை வைத்துக்கொள்வது என்பது கட்சிக்காரரின் உரிமை, அதில் சங்கம் தலையிடக் கூடாது என்றார். சக வக்கீல்கள் ஒதுக்கினார்கள், அவர் பொருட்படுத்தவில்லை.

பிற்பாடு மயிலாப்பூர்க் கோஷ்டி, எழும்பூர்க் கோஷ்டி என்று சென்னை அரசியல் இரண்டாகப் பிரிந்தபோது எழும்பூர்ப் பக்கத்துத் தலைவராக இருந்தார். 'இந்து' பத்திரிகையை 1905-ல் வாங்கிய கஸ்தூரி ரங்க ஐயங்காரும் அந்தப் பக்கம்தான்.

காங்கிரஸ் தலைவரா இருந்தவர் வெள்ளைக்காரன் கோர்ட்டுல ஜட்ஜானார்னா, விலை போயிட்டார்னுதானே அர்த்தம்?

இது கல்லூரி மாணவர்கள் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. 1897 காங்கிரஸ் என்பது 1930 காங்கிரஸ் அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை கூடித் தீர்மானம் போடும் சபை அது. அதன் தலைவர்கள் நீதிபதியாவது வழக்கமாகவே இருந்தது. பதுருதீன் தியாப்ஜி 1887-ல் காங்கிரஸ் தலைவர், பிறகு பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி. 'இந்து பிரகாஷ்' பத்திரிகையில் எழுதிய சந்தாவர்க்கர் 1900-ல் காங்கிரஸ் தலைவர், அவரும் நீதிபதியானார். நல்ல மூளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு அரசாங்கத்துக்கு இருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் விலை போனவர் என்றால், வாங்கியவர் சொன்னபடி எழுதியிருக்க வேண்டும். அவர் அமராவதி காங்கிரஸில் தலைமை உரை ஆற்றிய 1897, புனாவில் பிளேக், அங்கே பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் கொலை, திலகருக்குச் சிறை என்று அரசாங்கம் உச்சக் கோபத்தில் இருந்த வருஷம். அந்த மேடையில் நின்று அரசின் அடக்குமுறையைக் கண்டித்து, இந்தியர்க்குத் தன்னாட்சி கேட்டார். பதினைந்து வருஷம் கழித்து, ஒரு கலெக்டரைக் கொன்ற வழக்கில், தலைமை நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதற்கும் ஏழு வருஷம் கழித்து என்ன செய்தார் என்பது அடுத்து வருகிறது.

ஜட்ஜா இருந்தப்போ வேற நல்ல தீர்ப்பு ஏதாவது உண்டா?

1914-ல் புதாஸ்னா எதிர் பாத்திமா வழக்கு. இந்து மதத்துக்கு மாறி வந்தவர்களைச் சாதிக்கு வெளியே நிற்பவர்களாக நடத்தக் கூடாது, அவர்களும் இந்துக்களே என்று சொன்னார். நீதிபதி ஆவதற்கு முன்பே, சட்டசபையில் இருந்தபோது, மலபாரில் சம்பந்தம் என்று நடந்துவந்த உறவைச் சட்டப்படியான திருமணமாகப் பதிய வழி செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது 1896-ல் சட்டமானது. சொந்தச் சமூகத்தின் வழக்கத்தையே மாற்ற முயன்றதால் சொந்தக்காரர்களின் எதிர்ப்பும் இருந்தது.

வைஸ்ராய் சபையில இருந்து ராஜினாமா பண்ணினது ஜாலியன் வாலாபாக்குக்காகவா?

ஆமாம். ஜாலியன் வாலாபாக் 1919 ஏப்ரல் 13. அதைத் தொடர்ந்து பஞ்சாபில் ராணுவச் சட்டம், சாட்டையடி, தெருவில் தவழ்ந்து போகச் சொன்ன உத்தரவு. செய்திகளே வெளியே வராமல் அமுக்கினார்கள். வைஸ்ராயின் நிர்வாக சபையில் இந்தியருக்கு அப்போது இருந்தது ஒரே ஓர் இடம், அதில் இருந்தவர் நாயர். கல்வித் துறை அவர் பொறுப்பு. பஞ்சாபில் நடப்பதற்குத் தானும் பொறுப்பேற்க முடியாது என்று பதவியை விட்டார். அக்டோபரில் பஞ்சாபில் நடந்ததை விசாரிக்க ஹண்டர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

அதே வருஷம் அரசியல் சீர்திருத்தங்களைப் பற்றிச் சபை எழுதிய கடிதங்களுக்கு இரண்டு மாறுபட்ட குறிப்புகளையும் எழுதிச் சேர்த்தார். 1912-ல் தீர்ப்பில் செய்ததையே 1919-ல் அரசாங்கக் கோப்பில் செய்தார். அவருக்குப் பதிலாக யாரைப் போடலாம் என்று வைஸ்ராய் செம்ஸ்போர்டு கேட்டபோது, வாசலில் நின்ற சேவகரைக் காட்டி, 'இவர் போதும், எதற்கும் சரியென்று சொல்வார்' என்றாராம். இது குடும்பத்தில் வழங்கி, அவருடைய மருமகன் கே.பி.எஸ். மேனன் மூலம் பரவிய கதை. கதை என்றே சொல்லுங்கள், ஆவணம் என்று சொல்லாதீர்கள்.

படத்துல காட்டுற மாதிரி ஜெனரல் டயர் மேல கேஸ் போட்டு அமிர்தசரஸ்ல வாதாடினாரா?

இல்லை. நடந்தது இதற்குத் தலைகீழ். வழக்குப் போட்டவர் நாயர் அல்ல, நாயர் மேல்தான் வழக்கு. நடந்த ஊர் லண்டன். அவர் அங்கே வக்கீலாக நிற்கவில்லை, பிரதிவாதியாக நின்றார்.

1922-ல் நாயர் 'காந்தியும் அராஜகமும்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு வாக்கியம், சீர்திருத்தத்துக்கு முன்பு ஒரு தனி மனிதரான லெப்டினன்ட் கவர்னர் நினைத்தாலே பஞ்சாபில் நமக்குத் தெரிந்த கொடுமைகளைச் செய்ய முடிந்தது என்ற பொருளில் வரும். அந்த லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ'டயர். தன்னை அவதூறு செய்துவிட்டார் என்று லண்டனில் வழக்குத் தொடர்ந்தார். 1924 ஏப்ரல் 30-ல் விசாரணை தொடங்கி ஐந்து வாரம் நடந்தது. நாயருக்காக வாதாடியவர் சர் வால்டர் ஷ்வாபே, அதற்குச் சற்று முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

நீதிபதி மெக்கார்டி ஆரம்பத்திலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்தார். ஜாலியன் வாலாபாக்கில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் செய்தது சரிதான், அவரைத் தண்டித்ததுதான் தப்பு என்று ஜூரிகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். பன்னிரண்டு ஜூரிகளில் பதினொரு பேர் ஓ'டயர் பக்கம். ஒரே ஒருவர் மறுத்தார், அரசியல் பேராசிரியர் ஹரால்டு லாஸ்கி. பெரும்பான்மை முடிவை ஏற்பதாக இரு தரப்பும் ஒத்துக்கொண்டதால் நாயர் தோற்றார். 500 பவுண்டு நஷ்டஈடு, அதற்கு மேல் வழக்குச் செலவும் அவர் தலையில்.

டயர், ஓ'டயர் ரெண்டும் ஒரே ஆளுதானே?

இரண்டு பேர். சுட உத்தரவிட்டவர் ஜெனரல் ரெஜினால்டு டயர். பஞ்சாபை ஆண்டவர், டயர் செய்ததை ஆதரித்தவர் மைக்கேல் ஓ'டயர். 1940-ல் லண்டனில் உதம் சிங் சுட்டது ஓ'டயரை.

கேஸ்ல தோத்துட்டாரே. தோத்தவரை எதுக்குக் கொண்டாடணும்?

மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்று ஓ'டயர் தரப்பு சொன்னது. நாயர் மறுத்துப் பணத்தைக் கட்டினார். அப்போது அவருக்கு வயது 66. சொந்தப் பணம் போனது, எழுதியது நின்றது.

இன்னொரு பயனும் உண்டு. மெக்கார்டி பேசிய பேச்சால் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே கண்டனம் எழுந்தது, அவரை நீக்க வேண்டும் என்று தொழிற்கட்சி உறுப்பினர் லான்ஸ்பரி தீர்மானம் கொண்டுவந்தார். ஆங்கில நீதி எல்லோருக்கும் ஒன்று என்று நம்பியிருந்த இந்தியப் படிப்பாளிகள் பலருக்கு அந்த நம்பிக்கை அசைந்தது அந்த ஐந்து வாரத்தில்தான்.

காந்தியை எதிர்த்துப் புத்தகம் எழுதினவரை எப்படித் தியாகி வரிசையில வைக்கிறது?

தியாகி வரிசையில் வைக்கச் சொல்லவில்லை. காந்தியோடு அவர் கடுமையாக மாறுபட்டார். 1922 ஜனவரியில் பம்பாயில் கூடிய அனைத்துக் கட்சி மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போய், காந்தியின் நிலையை ஏற்க முடியாமல் வெளியேறினார். ஒத்துழையாமை சட்டத்தின் மேல் ஜனங்களுக்கு உள்ள மதிப்பைக் கெடுத்துவிடும், அதன்பின் யார் ஆண்டாலும் ஒழுங்கு இருக்காது என்று பயந்தார். 1921-ல் அவருடைய சொந்த மலபார் மாப்பிள்ளைக் கலவரத்தில் பற்றி எரிந்ததும் இந்தப் பயத்துக்கு ஒரு காரணம்.

என் கருத்தில் காந்தி விஷயத்தில் அவர் கணிப்புத் தவறியது. படிக்காத ஜனங்கள் கோடிக்கணக்கில் ஒழுங்காகப் போராட முடியும் என்பதை அவர் நம்பவில்லை, அவர்கள் போராடிக் காட்டினார்கள். ஆனால் காந்தியைக் கண்டித்த அதே புத்தகம்தான் ஓ'டயரையும் கோர்ட்டுக்கு இழுத்தது என்பதை மறக்க வேண்டாம். ஒரு பக்கத்தைத் திருப்திப்படுத்த எழுதியவர் இரண்டு பக்கத்திலும் அடி வாங்கியிருக்க மாட்டார்.

நாடே 'சைமனே திரும்பிப் போ'ன்னு சொன்னப்போ இவர் அவங்களோட உட்கார்ந்தாராமே?

உட்கார்ந்தார். இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் கமிஷனோடு சேர்ந்து பேச அமைக்கப்பட்ட இந்திய மத்தியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வாசலில் நின்று கோஷம் போடுவதைவிட உள்ளே போய் எழுதி வைப்பது மேல் என்ற பழைய நம்பிக்கை. 1919-ல் அது பலித்தது. 1928-ல் காலம் மாறிவிட்டது, அவர் மாறவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

தமிழ்நாட்டுக்குன்னு ஏதாவது பண்ணியிருக்காரா? மலையாளிதானே?

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். டில்லி ராஜ்ய சபையில், அப்போது அதற்குக் கவுன்சில் ஆப் ஸ்டேட் என்று பெயர், உறுப்பினராக இருந்தபோது 1926-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சென்னை மாகாணத்தில் தமிழ் பேசும் பத்து ஜில்லாக்களைச் சேர்த்து முழுத் தன்னாட்சி உள்ள தனி மாகாணமாக ஆக்க வேண்டும் என்பது அது. திருநெல்வேலியும் அந்தக் கணக்கில் வரும். நிறைவேறவில்லை. மொழிவாரி மாநிலம் வர அதன்பின் முப்பது வருஷம் ஆயிற்று. மலையாளி ஒருவர் தமிழர்க்கு மாகாணம் கேட்டதை நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, கேட்க ஆசை.

இப்போ ஒரு நீதிபதி இவரை மாதிரி பத்திரிகை, அரசியல் எல்லாம் பார்க்கலாமா?

பதவியில் இருக்கும்போது முடியாது. 1997-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கான நடத்தை நெறிகளை ஏற்றுக்கொண்டது. அரசியல் விஷயங்களில் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கக் கூடாது, தீர்ப்புத்தான் பேச வேண்டும் என்பது அதில் வருகிறது. நாயரும் நீதிபதியாக இருந்த ஆண்டுகளில் கட்சி மேடை ஏறவில்லை. ஓய்வுக்குப் பின் அரசியலுக்கு வரத் தடை ஏதும் அரசியல் சட்டத்தில் இல்லை.

முன்னும் பின்னும் அரசியலில் இருந்தவர் என்றால் வி.ஆர். கிருஷ்ணய்யர் நினைவுக்கு வருவார். அவரும் பாலக்காட்டில் பிறந்தவர். 1957-ல் கேரள அமைச்சர், 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி, 1987-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளர். அரசியலில் இருந்து வந்தவர் நல்ல நீதிபதியாக முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு பேரையும் காட்டலாம்.

பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட இடம் ஏதாவது இருக்கா?

வழக்குத் தொடர்பான இடங்கள் எல்லாம் பக்கத்தில்தான். வாஞ்சி மணியாச்சி சந்திப்பு, செங்கோட்டையில் வாஞ்சி சிலை, பாளையங்கோட்டையில் ஆஷ் கல்லறை, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். கல்லறைக்குப் போகும்போது அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

நாயரின் ஊருக்குப் போக வேண்டுமென்றால் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தூத்துக்குடியில் கிளம்பி, மணியாச்சி, திருநெல்வேலி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிப் பாலக்காடு போகிறது. ஒற்றப்பாலத்துக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் மங்கரை வரும். அந்த ஊருக்குப் போக, பாலக்காட்டில் இறங்கி உள்ளூர் வண்டியோ பேருந்தோ பிடிப்பது வசதி.